ஒரு கையும் ஓர் ஆளும்

அந்த அக்கா விரலை மடக்கி எண்ணி நான் பார்த்ததே இல்லை. வலது கைக் கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போவார். ஒரு விரலுக்கு மூன்று கணு, நான்கு விரலுக்குப் பன்னிரண்டு. சுண்டுவிரலின் அடிக்கணுவைத் தொட்டதும் "ஒரு கை" என்பார். அதற்கு மேல் வந்தால் முதலிலிருந்து ஆரம்பம். பதினெட்டு என்று நாமெல்லாம் சொல்வது அவர் வாயில் "ஒரு கை ஆறு". இருபத்து நான்கு "ரெண்டு கை". கடையில் முட்டை வாங்கினாலும் இதே பேச்சுதான். தோட்டத்துக்குப் பக்கத்து ஊரான ரிங்லெட்டில் சீனக் கடைக்காரர் பாவம், இவரைக் கண்டதும் கால்குலேட்டரை எடுத்து வெளியே வைத்துவிடுவார்.

நான் அப்போது தேயிலைத் தோட்டத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். அக்கா கொழுந்து வெட்டும் ஒரு கூட்டத்துக்குக் கங்காணி. விடியற்காலையில் ஆட்களைப் பின்னால் ஏற்றிவிட்டு, லாரியின் பின்கதவான வால்பலகைக்குப் பக்கத்தில் நின்று கட்டைவிரலை ஓட்டி எண்ணி முடித்து, முன்னால் வந்து என் பக்கத்தில் உட்காருவார். ரப்பர் பூட்ஸ், ஆம்பளை ஜாக்கெட், மடியில் ஒரு பெரிய தெர்மாஸ். வண்டி கிளம்பியதும் வாயும் கிளம்பிவிடும்.

"பத்துல என்ன தம்பி இருக்கு? ரெண்டால பிரியும், அஞ்சால பிரியும், அதோட சரி. பன்னெண்டு அப்படியா? ரெண்டு, மூனு, நாலு, ஆறு, யார் வந்து கேட்டாலும் பங்கு போகும். கை இருக்கிற மாதிரியே எண்ணாம, ஏன் எல்லாரும் விரல மடக்கிக்கிட்டுக் கெடக்கீங்க?"

காலை ஐந்தரை மணிக்கு இந்தக் கேள்வி. நான் கியரை மாற்றி வண்டியை மேட்டில் ஏற்றுவேன்.

பன்னிரண்டில்தான் எண்ணுவாரே தவிர, மனசு முழுக்க அந்தப் பன்னிரண்டுக்கு அடங்காத எண்களின் மேல்தான். பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் பிரியாத எண். ஃபார்ம் சிக்ஸ் வரை, அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தின வகுப்பு வரை கணிதம் படித்தவர் என்று தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் சொல்வார்கள். அதற்கு மேல் ஏன் போகவில்லை என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அதற்கும் ஏதாவது ஓர் எண்ணைத்தான் பதிலாகச் சொல்லியிருப்பார்.

ஒருநாள் மழையில் பாதை அடைபட்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரு விஷயம் சொன்னார். எந்தப் பகா எண்ணையும் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டி வைத்தால், மிச்சம் ஒன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்குமாம். இரண்டும் மூன்றும் மட்டும் விதிவிலக்கு. நான் சும்மா விடுவேனா? பதினேழு, பத்தொன்பது, இருபத்து மூன்று, இருபத்தொன்பது என்று போட்டுப் பார்த்தேன். ஐந்து, ஏழு, பதினொன்று, மறுபடி ஐந்து. சரியாகத்தான் வந்தது. உடனே இருபத்தைந்தைத் தூக்கிப் போட்டேன். மிச்சம் ஒன்று வருகிறதே, அது பகா எண்ணா?

"அவன் வேசக்காரன். அஞ்சு அஞ்சாப் பிரிஞ்சிருவான். அந்த நாலு வாசல்ல வர்றவனெல்லாம் பகா எண் இல்ல தம்பி. ஆனா பகா எண் வேற வாசல்ல வராது" என்றார். அப்படியொரு பெருமை முகத்தில். அவரே பெற்று வளர்த்துப் படிக்க வைத்த பிள்ளைகள் போல.

கொழுந்து வெட்டும் மெஷின்களின் பிளேடைத் தீட்ட மாதம் ஒருமுறை பிரிஞ்சாங் டவுனுக்குப் போவோம். பள்ளி விடுமுறை என்றால் மலை பார்க்க வரும் கூட்டத்தால் அந்தச் சாலையில் வண்டி நகராது. எல்லாரும் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, இவர் முன்னால் நிற்கும் வண்டிகளின் நம்பர் பிளேட்டைப் படித்துக்கொண்டிருப்பார். இது பகா எண், அது இல்லை, இவன் வேசக்காரன். ஒருமுறை கோலா தெர்லாவிலிருந்து வந்த முட்டைக்கோஸ் லாரி ஒன்று எங்களுக்கு முன்னால் நின்றது. நம்பர் 1885. அக்கா கட்டைவிரலை ஓட்டினார், கண்ணை மூடினார், திடீரென்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். பத்து, நூறு, ஆயிரத்துக்குப் பதில் பன்னிரண்டு, நூற்று நாற்பத்து நான்கு, ஆயிரத்து எழுநூற்று இருபத்தெட்டு என்று இடம் வைத்து எழுதினால் அது ஒன்று ஒன்று ஒன்று ஒன்று, நாலும் ஒன்றாம். பதிமூன்று என்பது ஒரு கை ஒன்று, எழுதினால் இரண்டு ஒன்றுகள். அது பகா எண். நூற்றைம்பத்தேழு என்றால் மூன்று ஒன்றுகள். அதுவும் பகா எண். அப்படியென்றால் இதுவும் நிச்சயம் பகா எண்தான் என்று குதித்தார்.

"யக்கா, அஞ்சுல முடியுதே. அஞ்சால பிரியுமே" என்றேன்.

அவர் கணக்கில் அது ஒன்றில் முடிந்ததால் அந்த ஐந்து கண்ணில் படவே இல்லை. ஸ்டாண்டர்ட் மூனு பையன் சொல்லிவிடுவான். பிரிஞ்சாங் போய்ச் சேரும் வரைக்கும் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே வந்தார். திரும்பி வரும்போதுதான், "அதுக்குள்ள பதிமூனும் இருக்கு, பாத்தேன்" என்று மெதுவாகச் சொன்னார். அவரை நான் ஜெயித்தது அந்த ஒரே ஒருமுறை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

லயத்துக் கோயில் திருவிழாவில் ஒரு வருஷம் சரியாக நூற்றைம்பத்தேழு பேர் சாப்பிட உட்கார்ந்தோம். பன்னிரண்டு இலையாக வரிசை போட்டுக்கொண்டே வந்தால் கடைசியில் ஓர் இலை மிஞ்சியது. பந்தி பரிமாறியவர்கள் எங்காவது இடுக்கில் நுழைத்துவிடலாம் என்றார்கள். அக்கா விடவில்லை. அந்த இலையைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தனியாக விரித்துத் தானே போய் உட்கார்ந்துகொண்டார். "இந்த ஒன்னு இல்லன்னா நீங்கெல்லாம் வெறும் நூத்தம்பத்தாறு. எப்படி வேணா பிரிச்சிரலாம்" என்று அங்கிருந்தே சத்தம் போட்டார். எல்லாரும் சிரித்தோம். ரசித்து ரசித்து மூன்று முறை ரசம் வாங்கிச் சாப்பிட்டார்.

எங்கள் கூட்டத்தில் அப்போது பன்னிரண்டு பேர். தமிழாட்களும் நாலு வங்காளதேசத்து ஆட்களும். கொழுந்து வெட்டும் மெஷினை ஒருவராகப் பிடிக்க முடியாது. தேயிலை வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், நடுவில் மெஷின், பின்னால் பை. ஆறு மெஷினுக்கு ஆறு ஜோடி. யாருக்கு யார் ஜோடி என்பது வருஷக்கணக்காக ஊறிப்போன விஷயம். லாரியிலும் இந்த பெஞ்சில் ஆறு பேர், அந்த பெஞ்சில் ஆறு பேர். இப்படி இருந்த இடத்துக்குத்தான் சரோஜா வந்தாள்.

மலைக்குக் கீழே பீடோர் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் இருந்தவள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். மகளை ரிங்லெட்டில் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு, லயத்தில் காலியாகக் கிடந்த ஒரு வீட்டில் சாமான்களை இறக்கினாள். வேலை இருந்தால்தான் அந்த வீடு. மானேஜர் நல்ல மனுஷன்தான், ஆனால் அவருக்கும் கணக்கு உண்டு. ரெண்டு ரெண்டாகச் செய்கிற வேலையில் பதிமூன்றாவது ஆளை வைத்து என்ன செய்வது? மூன்று மாதம் பார்ப்போம், சரிப்படவில்லை என்றால் வேலையும் இல்லை, வீட்டையும் விட்டுவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

அக்காவுக்கோ தலைகால் புரியவில்லை. பதிமூன்று! ஒரு கை ஒன்று! முதல் நாளே மலைமேல் தேத்தண்ணி நேரத்தில் எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்தார். சரோஜாவை மட்டும் தள்ளி நிற்கச் சொன்னார். தெர்மாஸ் மூடியில் தேத்தண்ணி ஊற்றி ஒருவரிடம் கொடுத்து, அவரிலிருந்து மூன்றாவது ஆளிடம் கொடுக்கச் சொன்னார். அவர் அடுத்த மூன்றாவது ஆளுக்கு. நாலு பேர் குடித்ததும் மூடி முதல் ஆளிடமே வந்து நின்றது. மறுபடி சுற்றினாலும் அதே நாலு பேர்தான். மற்ற எட்டுப் பேரும் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு சரோஜாவை வட்டத்தில் சேர்த்தார். இப்போது அதே மூன்றாவது ஆள் கணக்கில் மூடி சுற்றிச் சுற்றிப் போய், ஒருவரையும் விடாமல் பதிமூன்று பேரையும் தொட்டுவிட்டுத்தான் முதல் ஆளிடம் திரும்பியது. அஞ்சாவது ஆளுக்குக் கொடுத்தாலும் அப்படித்தான், ஏழாவது ஆளுக்குக் கொடுத்தாலும் அப்படித்தான் என்றார். எங்களுக்கே அது பிடித்துப்போய்க் கைதட்டினோம்.

"பாத்தீங்களா? இவ வந்ததாலதான் எல்லாருக்கும் தேத்தண்ணி. இவ வந்ததாலதான் நம்மள யாராலயும் பிரிக்க முடியாது. இவ ஒருத்தி இல்லன்னா நாம பழையபடி ஆறு ஜோடி, அவ்வளவுதான்" என்று சரோஜாவின் முதுகில் தட்டினார். சரோஜா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி சிரித்தாள்.

அன்றிலிருந்து முறை மாற்றம். தினமும் ஜோடி மாறும். தினமும் ஒருவர் தனி. மெஷின் போக முடியாத ஓரத்துச் செடிகளைக் கத்தரியால் வெட்டுவது அவர் வேலை. பதிமூன்று நாளில் எல்லாரும் எல்லாரோடும் ஒருமுறை வேலை செய்திருப்பார்கள், எல்லாரும் ஒருநாள் தனியாக இருந்திருப்பார்கள். கணக்கு என்னவோ அழகுதான். ஆனால் ஆட்கள் எண் இல்லையே. ஒருவன் வேகமாகப் போவான், இன்னொருவன் ஆடி அசைந்து வருவான். புருஷன் பொண்டாட்டி ஒரே மெஷினைப் பிடித்தவர்கள் இப்போது ஆளுக்கொரு மூலையில். வீட்டில் போடும் சண்டையை மலைமேல் முடித்துக்கொள்ள வழியில்லாமல் போயிற்று. சாயங்காலம் லாரியில் பெஞ்சில் இடம் பன்னிரண்டு பேருக்குத்தான். அன்றைக்குத் தனியாக இருந்தவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் வர வேண்டும். முணுமுணுப்பு ஆரம்பித்தது. அக்காவிடம் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. அதனால் சரோஜா காதுபடப் பேசினார்கள். இவ வர்றதுக்கு முந்தி எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு என்று. கூட்டத்திலேயே மூத்தவர் மாரியப்பன். முழங்கால் வலிக்காரர், வாய் அடங்காதவர். அவர்தான் அதிகம் சொன்னது.

மூன்றாவது மாதம் முடிகிற சமயம். மறுநாள் காலையில் மானேஜர் வந்து முடிவு சொல்வதாக இருந்தது. அன்றைக்குத் தனி ஆள் மாரியப்பன். மதியத்துக்கு மேல் பனி இறங்கி, பக்கத்து வரிசையில் நிற்பவரே தெரியவில்லை. சீக்கிரம் முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அக்காவை மேல் ரோட்டுக்கு மானேஜர் கூப்பிட்டிருந்ததால், எண்ணி ஏற்றும் வேலை மாரியப்பனிடம் வந்தது. அவர் இந்த பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார், தன்னோடு சேர்த்து ஆறு. அந்த பெஞ்சைப் பார்த்தார், ஆறு. எத்தனையோ வருஷமாகப் பார்த்துப் பழகிய ஆறும் ஆறும். நிம்மதியாக வண்டிப் பலகையைத் தட்டினார். நான் மேல் ரோட்டு வரைக்கும் ஓட்டிப் போய் அக்காவுக்காக நிறுத்தினேன்.

அக்கா வந்து பின்பக்கம் எட்டிப் பார்த்தார். கட்டைவிரல் சுண்டுவிரலின் அடிக்கணுவில் வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் போக ஆள் இல்லை.

"இன்னிக்குத் தனி யாரு?" என்று கேட்டார்.

மாரியப்பன் கையைத் தூக்கினார். "நான்தான். ஆனா எனக்கு உக்கார எடம் கெடச்சிருச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சரோஜா இல்லை.

வண்டியைத் திருப்பினேன். அந்தச் சரிவுக்குக் கீழே பள்ளம், பள்ளத்தில் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால். போனில் சிக்னல் கம்பி ஒன்றுகூட இல்லை. எல்லாரும் வரிசைக்கு ஒருவராக இறங்கிப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனோம். பனியில் நம் குரலே நமக்குத் திரும்பி வந்தது. மாரியப்பன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் போனார். அக்காவின் கை சும்மா இல்லை. கட்டைவிரல் கணுக்களில் ஓடிக்கொண்டே இருந்தது, எதை எண்ணியதோ தெரியாது.

இருட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வாய்க்காலோரம் நானும் அக்காவும்தான் கண்டோம். சரோஜா சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஈரத்தில் உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் பிசகி வீங்கியிருந்தது. உயிரோடு பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்காவுக்குக் கோபம் வந்தது. செத்துக் கித்துத் தொலைஞ்சிட்டியோன்னு பயந்துட்டோம், லாரில ஏறாம இங்க என்ன புடுங்கற வேல என்று வாய்க்கு வந்தபடி திட்டினார்.

சரோஜா குளிரில் நடுங்கிக்கொண்டே சொன்னாள்.

"மாரியப்பண்ணனுக்கு மொழங்கால் வலிக்கா. நான் ஏறலன்னா அவரு உக்காரலாமேன்னு குறுக்கால நடந்தேன். வழி தவறிருச்சு." டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நான் வந்ததாலதானே பிரிய மாட்டேங்குது. நீங்கதானே சொன்னீங்க. நான் ஒருத்தி இல்லன்னா எல்லாருக்கும் ஜோடி சரியா இருக்கும்ல" என்றாள்.

அக்கா வாயைத் திறந்தார். பதிமூன்றில் அந்த ஒன்று யார் என்று யாராலும் சொல்ல முடியாது, யாரிலிருந்து எண்ண ஆரம்பிக்கிறோமோ அதைப் பொறுத்தது என்று சொல்ல வந்திருப்பார். அது உண்மையும்கூட. "பதிமூனுல எது அந்த ஒன்னுன்னு..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. ஒரு கணக்கைப் பாதியில் அவர் விட்டு நான் பார்த்தது அப்போதுதான். குழாய்ப் பக்கம் தனி இலை போட்டு உட்கார்ந்தவர் அவர். அவராகப் போய் உட்கார்ந்தார். இவளை மற்றவர்கள் உட்கார வைத்திருந்தார்கள். அந்த வித்தியாசம் எந்தக் கணுவிலும் எழுதியிருக்கவில்லை. ஜாக்கெட்டைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டு, என்னோடு சேர்ந்து தூக்கினார்.

மறுநாள் காலை ஆட்களைக் கணக்கெடுக்கும் களத்தில் எல்லாரும் நின்றோம். சரோஜா காலில் கட்டோடு படியில் உட்கார்ந்திருந்தாள். மகளும் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் பக்கத்தில் நின்றாள். மானேஜர் வந்தார். ரெண்டு ரெண்டாக ஆள் இருந்தால் தனக்கு ஆட்சேபம் இல்லை, ஒற்றையாக ஓர் ஆளை வைத்துக்கொண்டு நேற்று மாதிரி இன்னொரு நாள் வேண்டாம் என்றார். மாரியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு, தப்பு என்னுது என்று ஏதோ சொன்னார். மானேஜர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

அக்கா முன்னால் போனார்.

"எந்தப் பகா எண்ணோடயும் ஒன்னக் கூட்டினா ரெட்ட ஆயிரும் துரை" என்றார். பிறகு அந்த நேரத்திலும் விட மனசில்லாமல், "ரெண்டத் தவிர" என்று சேர்த்துக்கொண்டார். "இவளுக்கு ஜோடி நான். கால் சரியானதும் ஏழாவது மெஷின நாங்க ரெண்டு பேரும் புடிக்கிறோம்."

மானேஜருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. கங்காணி மெஷின் பிடிக்க முடியாது, பிடித்தால் கங்காணியாக இருக்க முடியாது, யோசித்துச் சொல் என்றார்.

"யோசிச்சாச்சுலா" என்றார் அக்கா. எங்களுக்குள் பேசும்போது மட்டும் சேர்க்கும் 'லா'வை அவர் துரையிடம் போட்டுப் பேசியதை அன்றுதான் கேட்டோம்.

கங்காணி வேலை மாரியப்பனுக்குப் போயிற்று. முழங்காலுக்கும் நல்லதுதான். அவர் விட்ட மெஷினுக்கு ஒரு புது ஆள் வந்தார், லாரி பெஞ்சுகளையும் நீட்டி ஏழு ஏழு இடமாக்கினார்கள். வால்பலகைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொருவர் பேரையும் சத்தமாகச் சொல்லித்தான் ஏற்றினார். சரோஜா பேரை முதலில் சொன்னார். ஜோடிகள் பழையபடி ஆயின. புருஷனும் பொண்டாட்டியும் ஒரே மெஷினில் சண்டை போட்டார்கள். பதினான்கு என்பது ரெண்டால் பிரிகிற, ஏழால் பிரிகிற சாதாரண எண். அதைப் பற்றி அக்கா ஒரு வார்த்தையும் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் கொஞ்ச நாளில் தோட்டத்து வேலையை விட்டுவிட்டுக் காய்கறி லாரிக்குப் போனேன். அந்த வழியாகத் தினமும் போவேன். அக்கா நல்ல உயரம். சரோஜா அவர் தோளுக்குக்கூட வர மாட்டாள். மெஷினை இருவரும் பிடித்தால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். மலை முழுக்க மேஜைவிரிப்பு போல மட்டமாக வெட்டியிருக்க, இவர்கள் போன வரிசை மட்டும் ஒரு பக்கம் சரிந்து கிடக்கும். ரோட்டிலிருந்தே தெரியும். ஆளை மாற்றிப் போடலாம் என்று மானேஜர் பல தடவை சொல்லிப் பார்த்தாராம். இருவரும் சம்மதிக்கவில்லை.